காளையின் பால் கணக்கு



ராயப்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் பொழுது புலர்வதற்கு முன்பே பால் வந்து சேர்ந்துவிடுகிறது. உறையில் வரும் அந்தப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை அச்சிட்டிருப்பார்கள். சமன்படுத்திய பாலில் 3, நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. இவற்றை ஆலையிலுள்ள இயந்திரங்கள் அமைக்கின்றன என்பது நாம் அறிந்ததே. ஆனால், ஆலைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பாலை அமைத்த இயந்திரம் ஒன்று உண்டு. அது பசுவின் மடி. எவ்வளவு சுரக்க வேண்டும், எத்தகைய பாலைச் சுரக்க வேண்டும் என்று மடிக்கு இடப்படும் கட்டளைகளில் ஒரு பகுதி, அந்தப் பசு கன்றாகப் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. பாதி தாய் எழுதியது. பாதி தந்தை எழுதியது.

தாயின் பங்கை அறிவது எளிது. செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் அடியில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். தந்தையின் பங்கை எவ்வாறு அறிவது? காளை ஒரு துளியும் கறப்பதில்லை. அதன் உடற்கட்டையும் திமிலையும் கொம்பையும் பார்த்து, அதன் மகள் எத்தனை லிட்டர் கறப்பாள் என்று சொல்ல எவராலும் இயலாது. கறக்காத காளைக்கும் பால் கணக்கு உண்டு. அதை எழுதத் தெரிந்த நாட்டில் பால் பெருகும். இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் மடியின் தொழிலைச் சிறிது பார்ப்போம். ஒரு லிட்டர் பால் உண்டாவதற்கு ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் வரை இரத்தம் மடியினூடே ஓட வேண்டும். மடிக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத சிறு பைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பைகளின் உட்சுவரில் அமைந்த உயிரணுக்கள் இரத்தத்திலிருந்து வேண்டியவற்றை வாங்கிப் புரதமாகவும் கொழுப்பாகவும் சர்க்கரையாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றத்தை நடத்துபவை மரபணுக்கள். பசுவின் உடலில் ஒவ்வோர் உயிரணுவிலும் 30 ஜோடிக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 22,000 மரபணுக்கள் அடங்கியிருப்பதாக, பசுவின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர்கள் கணக்கிட்டார்கள்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. பாலின் புரதமாகிய கேசினை உண்டாக்கும் மரபணு, பசுவின் காதிலும் வாலிலும் குளம்படியிலும் உள்ள உயிரணுக்களிலும் இருக்கிறது. ஆனால், அங்கெல்லாம் அது உறங்குகிறது. மடியில் மட்டுமே விழிக்கிறது. மடியிலும் எக்காலமும் விழித்திருப்பதில்லை. பசு சினையாக இருக்கும்போது புரோஜெஸ்டிரான் என்னும் சுரப்பு நீர் அதை அடக்கி வைத்திருக்கிறது. கன்று ஈனும் வேளையில் அந்த அடக்கம் தளர்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் மற்றொரு சுரப்பு நீர் புறப்பட்டு மடியின் உயிரணுக்களை அடைகிறது. அது கொண்டுவரும் ஆணையால் கேசின் மரபணுக்கள் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகின்றன. அதே வேளையில் வேறொரு மரபணு ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற புரதத்தை ஆக்குகிறது. பாலின் சர்க்கரை உண்டாவதற்கு இப்புரதம் இன்றியமையாதது. சர்க்கரை எவ்வளவு உண்டாகிறதோ அதற்கேற்ற அளவு நீரை அது தன்பால் ஈர்க்கிறது. ஆகவே, செம்பு நிறைவதும் குறைவதும் பெரும்பாலும் இந்தச் சர்க்கரையைப் பொறுத்தவை.

சுரந்த பாலை விடுவதற்கும் ஓர் ஆணை வேண்டும். கன்று முட்டும்போது ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு நீர் இரத்தத்தில் கலந்து, சிறு பைகளை அழுத்திப் பாலைக் காம்புக்கு இறக்குகிறது. நம் நாட்டுப் பசுக்களில் பல, கன்று அருகில் இல்லாவிட்டால் சுரப்பு விடா. அக்காலத்தில் சென்னையில் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுத்த பால்காரர்கள், இறந்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்தியதைப் பெரியவர்கள் பலர் கண்டிருப்பார்கள். மேனாட்டுக் கறவை இனங்களோ கன்றின்றியே சுரப்பு விடுகின்றன. தலைமுறை தலைமுறையாக அத்தகைய பசுக்களையே பொறுக்கி வளர்த்ததன் பயன் அது. பொறுக்கி வளர்ப்பது மரபையே மாற்றும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி மரபணு ஒன்றின் வேறுபாட்டைக் காண்போம். பசுவின் 14-ஆவது குரோமோசோமில் டிஜிஏடி1 என்று பெயரிடப்பட்ட மரபணு இருக்கிறது. கொழுப்பை ஆக்கும் கடைசிப் படியை அது நடத்துகிறது. அந்த மரபணு ஆக்கும் புரதத்தின் 232-ஆவது இடத்தில் சில பசுக்களில் லைசின் என்ற அமினோ அமிலமும், சில பசுக்களில் அலனின் என்ற அமினோ அமிலமும் அமைந்திருக்கின்றன. லைசின் உள்ள பசு சற்றுக் குறைவாகக் கறக்கும். ஆனால் பால் கொழுப்பு மிகுந்திருக்கும். அலனின் உள்ள பசு மிகுதியாகக் கறக்கும்; கொழுப்பின் விகிதம் குறையும். இந்த உண்மை 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் நம் நாட்டு இனங்களைச் சோதித்தபோது, நம் பசுக்களிலும் எருமைகளிலும் லைசின் வடிவமே பெரிதும் நிறைந்திருக்கக் கண்டார்கள். நாட்டு மாட்டுப் பால் கெட்டியாக இருக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு இஃது ஒரு காரணம்.

அப்படியானால், ஒரு மரபணுவை மாற்றிவிட்டால் பால் பெருகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். பெருகாது. டிஜிஏடி1 போன்று வெளிப்படையாகப் பயனைக் காட்டும் மரபணுக்கள் மிகச் சில. பாலின் அளவை ஆளும் மற்ற மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அணுவளவே செய்கிறது. பெரிய கோயில் தேரை ஊரார் கூடி இழுப்பதுபோல அவை ஒன்றுகூடி இழுக்கின்றன. வடத்தைப் பிடித்த ஒரு கை எவ்வளவு இழுத்தது என்று தனித்துச் சொல்ல இயலாது. தேர் நகர்ந்ததை மட்டும் அளக்கலாம்.

இன்னுமொன்றையும் மறக்கலாகாது. ஒரே கூட்டத்திலுள்ள பசுக்களின் கறவையில் காணும் வேறுபாட்டை நூறு பங்காகக் கொண்டால், அதில் ஏறத்தாழ 25 முதல் 30 பங்கே பரம்பரையால் வருவது. எஞ்சியவை தீவனம், தண்ணீர், வெயில், நோய், கறப்பவரின் கை ஆகியவற்றால் வருபவை. உயர்ந்த காளையின் மகளை வாங்கி வந்து வெறும் வைக்கோலைப் போட்டால் அது வைக்கோலுக்குரிய பாலையே தரும். பரம்பரை கதவைத் திறந்து வைக்கிறது. உள்ளே கொண்டுபோவது தீவனம். ஆனால், இவ்விரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. இன்று போட்ட புண்ணாக்கு இன்றைய பாலோடு முடிகிறது. பரம்பரையில் சேர்த்த நன்மை மகளுக்கும் பேத்திக்கும் செல்கிறது.

காளையின் கணக்கை எழுதும் முறை இந்த அடிப்படையில்தான் பிறந்தது. ஒரு காளைக்குப் பல ஊர்களில், பலர் வீட்டுக் கொட்டில்களில் மகள்கள் பிறக்க வேண்டும். அவை தலையீற்று ஈன்றதும், மாதம் ஒரு நாள் காலையிலும் மாலையிலும் கறந்த பாலை அளந்து எழுத வேண்டும். 305 நாட்கள் கொண்டதை ஒரு கறவைக் காலமாகக் கொண்டு மொத்தத்தைக் கணிக்க வேண்டும். ஒரு வீட்டில் தீவனம் மிகுதி, மற்றொரு வீட்டில் குறைவு என்றால், மகள்கள் பலராக இருப்பதால் அந்த ஏற்றத்தாழ்வு சமனாகிவிடும். எஞ்சி நிற்பது காளையின் பங்கு. இம்முறைக்கு ஒரே குறை, காலம். காளை பருவமடைந்து, மகள் பிறந்து, வளர்ந்து, சினையாகி, ஈன்று, கறந்து முடிவதற்குள் ஐந்தாறு ஆண்டுகள் சென்றுவிடும்.

இந்தக் கணக்கை எழுதினால் என்ன ஆகும், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாடுகளின் வரலாறே சாட்சி சொல்லும். கொங்கு நாட்டின் காங்கேயம் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் அதைப் பேணி வளர்த்துப் புகழ் பெற்றார்கள். கவலை இறைக்கவும், வண்டி இழுக்கவும், வெயிலில் சளைக்காமல் உழவும் அவர்களுக்கு எருது வேண்டியிருந்தது. அந்தக் குணத்தைப் பார்த்தே காளைகளைப் பொறுக்கினார்கள். இனம் அதையே தந்தது. காங்கேயம் பசு ஒரு கறவைக் காலத்தில் ஐந்நூறு, அறுநூறு லிட்டர் அளவே கறக்கிறது என்று அதை இழித்துப் பேசுவது நியாயமாகாது. எருதைக் கேட்டோம்; எருது கிடைத்தது. பாலைக் கேட்டு எவரும் அதனிடம் கணக்கு எழுதவில்லை.

வடக்கே, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர், குண்டூர் மாவட்டங்களில் ஓங்கோல் இனம் செழித்திருந்தது. அந்த இனத்தில் நன்றாகக் கறக்கும் பசுக்கள் சென்னை நகரத்துக்குப் பால் மாடுகளாக ஓட்டிவரப்பட்டன. நகரத்தில் மேய்ச்சல் நிலம் இல்லை. பால் வற்றிய மாட்டை வைத்துக் காப்பாற்றக் கட்டுப்படியாகாது. ஆகவே வற்றியதும் விற்றுவிடுவார்கள். மாடு அடிமாடாகப் போய்விடும். கன்றோ பிழைப்பது அரிது. நகரம் பாலை மட்டுமா குடித்தது? அடுத்த தலைமுறைக்குத் தாயாக இருக்க வேண்டிய உத்தமமான பசுக்களையும் குடித்துவிட்டது. நாட்டின் பெருநகரங்கள் பலவற்றிலும் நடந்தது இதுவே.

அதே ஓங்கோல் இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து பிரேசில் நாட்டுக்குச் சென்றது. அங்கே அதற்கு நம் நெல்லூரின் பெயரையே வைத்தார்கள். இறைச்சிக்காக அதைப் பொறுக்கி வளர்த்தார்கள்; இன்று அந்நாட்டு மாட்டு மந்தையில் பெரும்பகுதி அதன் வழி வந்தது. குஜராத்தின் கிர் இனமும் அவ்வாறே அங்கு சென்றது. பாவநகர் மன்னரின் பண்ணையிலிருந்து போன ‘கிருஷ்ணா’ என்ற காளை அங்கே பெரும் புகழ் பெற்றது. கிர் பசுக்களில் பாலுக்கெனத் தனிக் கால்வழியைப் பிரித்து, 1985-ஆம் ஆண்டு முதல் மகள்களின் கறவையைக் கொண்டு காளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை அந்நாட்டார் நடத்திவருகிறார்கள். நம் மாடு அங்கே போய்ப் புதிய இரத்தத்தைப் பெற்று உயர்ந்ததாக எண்ண வேண்டாம். அங்கே அதற்குக் கணக்கு எழுத ஆள் கிடைத்தது.

நாம் வேறொரு வழியில் சென்றோம். 1939-ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரன் என்ற அறிஞர் செயற்கை முறைச் சினையூட்டலை இந்தியாவில் முதன்முதலாகச் செய்து காட்டினார். அதன் பின்னர், காளையைப் பசுவிடம் ஓட்டிச் செல்ல வேண்டிய தேவை ஒழிந்தது. விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை குளிர்ந்த திரவ நைட்ரஜனில் வைத்துவிட்டால், காளை இறந்த பின்னும் அதன் கன்றுகள் பிறக்கும். ஓசூர், ஈச்சங்கோட்டை, உதகமண்டலம் ஆகிய இடங்களிலுள்ள நிலையங்கள் இந்த உறைவிந்தைத் தமிழ்நாட்டுக்கு அளிக்கின்றன. சமவெளியில் ஜெர்சியும், மலைப்பகுதிகளில் ஹோல்ஸ்டீன் பிரீசியனும் கலப்புக்கு ஏற்றவை எனக் கொண்டார்கள். இன்று தமிழ்நாட்டு மாடுகளில் பெரும்பகுதி கலப்பினம். 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா 23.9 கோடி டன் பாலை உற்பத்தி செய்து உலகில் முதலிடத்தில் நின்றதற்கு எருமைகளோடு இந்தக் கலப்பினப் பசுக்களும் காரணம்.

ஆனால், கலப்புக்கு ஓர் எல்லை உண்டு. நாட்டுப் பசுவையும் ஜெர்சிக் காளையையும் சேர்த்துப் பிறக்கும் முதல் தலைமுறைக் கிடேரி, தாயின் வெயில் தாங்கும் வலிமையையும் தந்தையின் கறவைத் திறனையும் ஒருங்கே பெற்று விளங்கும். அதன் மகளையும் பேத்தியையும் மீண்டும் மீண்டும் தூய மேனாட்டுக் காளைக்கே விட்டால், மேனாட்டுப் பங்கு முக்கால், அரைக்கால் குறைய ஒன்று என ஏறிக்கொண்டே போகும். அப்போது சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும். உண்ணி நோய் எளிதில் பற்றும். சினை பிடிப்பது தாமதமாகும். கறவை கூடுவதற்குப் பதிலாக வைத்தியச் செலவு கூடும். ஆகவே மேனாட்டுப் பங்கைப் பாதியளவில் நிறுத்திவைப்பது நன்று என்று கால்நடை அறிஞர்கள் சொல்கிறார்கள். இங்கும் கணக்கு வேண்டும். பசுவின் தந்தை யார், தாயின் தந்தை யார் என்று அறியாமல், அதில் எத்தனை பங்கு கலப்பு என்று எவ்வாறு அறிவது?

கணக்கு எழுதுவதிலும் ஒரு கவனம் தேவை. அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டில் பிறந்த ‘பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளையின் வரலாறு இதை உணர்த்தும். அதன் மகள்கள் மிக நன்றாகக் கறந்தன. ஆதலால் அதன் விந்தை உலகெங்கும் விரும்பி வாங்கினார்கள். அதற்கு 16,000 மகள்களும் 5 லட்சம் பேத்திகளும் இருந்ததாகக் கணக்கு. இன்றைய ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பங்கு அந்த ஒரு காளையிடமிருந்து வந்தது. ஆனால், அதனிடம் ஒரு பழுதான மரபணு மறைந்திருந்தது. அது தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்து ஒரே கருவில் சேர்ந்தால் அந்தக் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். சுமார் 5 லட்சம் கருக்கள் இவ்வாறு சிதைந்திருக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டார்கள். அக்காளையால் வந்த பாலின் ஆதாயம் அந்த நஷ்டத்தைவிடப் பன்மடங்கு பெரிது என்பதையும் அவர்களே சொன்னார்கள். இருப்பினும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாலை மட்டும் எழுதி, சினை பிடித்ததையும் கரு கலைந்ததையும் எழுதாவிட்டால் கணக்கின் ஒரு பக்கம் வெற்றாக நின்றுவிடும்.

இப்போது புதியதொரு கருவி வந்திருக்கிறது. கன்றின் சிறிதளவு இரத்தத்தையோ சில மயிர்களையோ எடுத்து, அதன் மரபணுத் தொகுதியில் பல ஆயிரம் இடங்களை ஒரே சமயத்தில் படித்துவிடலாம். அதைக் கொண்டு, அக்கன்று வளர்ந்து காளையாகுமுன்பே அதன் மகள்கள் எப்படிக் கறக்கும் என்று மதிப்பிடலாம். அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு முதல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டுப் பசுக்களுக்கெனவும் எருமைகளுக்கெனவும் அமைந்த ‘கௌ சிப்’, ‘மஹிஷ் சிப்’ என்ற இரண்டு கருவிகள் 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிடப்பட்டன. ஐந்தாறு ஆண்டுக் காத்திருப்பு இதனால் குறையும். ஆயினும், இந்தக் கருவி தானாக எதையும் அறியாது. இன்ன இடத்தில் இன்ன எழுத்து இருந்தால் இவ்வளவு பால் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது, ஆயிரக்கணக்கான பசுக்களின் அடியில் உட்கார்ந்து அளந்து எழுதிய பழைய கணக்குத்தான். ஏடு இல்லாத இடத்தில் சிப் ஊமையாகிவிடும்.

நம் ஊர்களில் ஏடு இல்லையா? இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் ஓர் ஏடு. எந்த நாளில், எந்தப் பசுவுக்கு, எந்தக் காளையின் சினை ஊசி போடப்பட்டது என்பது அதில் இருக்கிறது. பால் சங்கத்தில் மற்றோர் ஏடு. ஒவ்வொரு வேளையும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்பது அதில் இருக்கிறது. இத்தனை ஒழுங்காகப் பாலை அளக்கும் ஏற்பாடு உலகில் பல நாடுகளில் இல்லை. ஆனால், சங்கத்தில் பெரும்பாலும் எழுதப்படுவது வீட்டின் கணக்கு. பசுவின் கணக்கு அன்று. மூன்று மாடுகளின் பால் ஒரே கேனில் கலந்து வருகிறது. எந்த மாடு எவ்வளவு கறந்தது என்பது அந்த வீட்டு அம்மையாரின் மனத்தில் மட்டும் இருக்கிறது. காளையின் பெயர் ஓர் ஏட்டில். மகளின் பால் மற்றோர் ஏட்டில். இரண்டும் சந்திப்பதில்லை.

அவற்றைச் சந்திக்கவைப்பதற்கு இன்று வழி பிறந்திருக்கிறது. பன்னிரண்டு இலக்க எண் கொண்ட மஞ்சள் நிறக் காதுவில்லை, மாடுகளுக்குப் போடப்பட்டு வருகிறது. அந்த எண்ணின் கீழ்ச் சினை ஊசியையும் ஈற்றையும் கறவையையும் சேர்த்து எழுதிவிட்டால், காளையின் கணக்கு தானே பிறந்துவிடும். நம் அண்டை நாடாகிய கேரளத்தில் 1963-ஆம் ஆண்டில் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வழியே, ஒன்றும் இரண்டுமாக மாடு வைத்திருந்த சிறு குடியானவர்களின் கொட்டில்களிலேயே கறவையை அளந்து ‘சுநந்தினி’ என்ற இனத்தை உருவாக்கினார்கள். பெரும் பண்ணைகள் இருந்தால்தான் இது நடக்கும் என்ற எண்ணம் அதனால் பொய்யாயிற்று.

ஆகவே, மாடு வளர்க்கும் அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. சினை ஊசி போட வருபவரிடம், காளையின் எண் யாது, அதன் தாய் எவ்வளவு கறந்தது, அதன் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்று தயங்காமல் கேளுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே அளந்து, நாட்காட்டியின் ஓரத்திலேனும் எழுதிவையுங்கள். சினை பிடித்த நாளையும் ஈன்ற நாளையும் அதனருகே குறியுங்கள்.

மாடே வளர்க்காத நகரத்து அன்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாலின் விலையைப் பேசும்போது தீவனத்தின் விலையைப் பேசுகிறோம், போக்குவரத்தைப் பேசுகிறோம். ஒரு பசுவிடமிருந்து கூடுதலாகக் கிடைக்கும் ஒரு லிட்டர், குடியானவரின் வறுமைக்கும் நம் வீட்டுக் குழந்தையின் குவளைக்கும் நடுவே நிற்கிறது என்பதைப் பேசுவதில்லை. ஒரு காலத்தில் இந்த நகரம் நல்ல தாய்ப் பசுக்களை வரவழைத்து வீணாக்கியது. அந்தக் கடனைத் தீர்க்கும் வழி, நாம் கொடுக்கும் பால் விலையில் சில காசுகளாவது கறவைக் கணக்கு எழுதுவோரின் கூலிக்கும் காளைகளின் சோதனைக்கும் செல்ல வேண்டும் என்று கேட்பதாகும். காளைக்கு வாய் இல்லை. மகளின் மடி வழியாகத்தான் அது பேசும். அது சொல்வதை எழுதிக்கொள்ள ஊர்தோறும் ஒருவர் இருந்தால் போதும்.